வீட்டு மேசையில் ஒரு செஸ்னா த்ராட்டில் பெட்டி

சென்னை விமான நிலையத்தின் 07 ஓடுபாதையில் இறங்க வந்துகொண்டிருந்தேன். கணினியில்தான், ஃபிளைட்கியர் மென்பொருளில். உயரம் 400 அடி, வேகம் 65 நாட், இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் முழுதாக இறங்கியிருந்தது. த்ராட்டிலில் கை வைக்கவே இல்லை. எஞ்சின் திடீரென்று முழு வேகத்துக்கு உறுமி, அரை நொடியில் மறுபடி அடங்கியது. மூக்கு தூக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்வதற்குள் ஓடுபாதையில் பாதி எனக்குக் கீழே ஓடி முடிந்துவிட்டது.

எட்டு வருடமாக வைத்திருக்கும் ஜாய்ஸ்டிக் அது. அடிப்பாகத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு த்ராட்டில் நெம்பு உண்டு. அதன் உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் (நகர்த்தினால் மின்தடை மாறும் உதிரி) கரித்தடம் தேய்ந்திருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்ததும் இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தது, அப்புறம் பழையபடி துள்ள ஆரம்பித்தது. அந்த ஒரு உதிரியை மாற்றுவதற்குப் பதிலாக, த்ராட்டிலையே தனிப் பெட்டியாகச் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். ஜாய்ஸ்டிக் இடது கைக்கு, பெட்டி வலது கைக்கு.

கடையில் கிடைக்கும் த்ராட்டில் பெட்டிகள் பெரும்பாலும் நெம்புகோல் வகை. நான் ஓட்டுவது செஸ்னா 172. 1955-இல் முதன்முதலாகப் பறந்த இந்த விமானம் இதுவரை 44,000-க்கும் மேல் தயாராகியிருக்கிறது. உலகத்தில் வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் செய்யப்படவில்லை. அதில் நெம்புகோல் கிடையாது. பேனலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளை உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் வேண்டும். ஃபிளைட்கியருடன் வரும் 172பி (172P) மாடலில் இடமிருந்து வலமாக மூன்று கம்பிகள்: கார்ப் ஹீட் (கார்பரேட்டரில் பனி பிடிக்காமல் சூடாக்குவது), த்ராட்டில், மிக்ஸ்சர். த்ராட்டிலை உள்ளே தள்ளினால் வேகம் ஏறும். மிக்ஸ்சரை உள்ளே தள்ளினால் எரிபொருள் கூடும், முழுக்க வெளியே இழுத்தால் எஞ்சின் நிற்கும். சாவியைத் திருப்பி நிறுத்துவதில்லை, மிக்ஸ்சரை இழுத்துத்தான் நிறுத்துகிறார்கள். நிஜக் கம்பியை இழுத்து எஞ்சினை நிறுத்த வேண்டும் என்ற ஆசையே இந்தப் பெட்டிக்குப் பாதிக் காரணம்.

பெட்டியில் வைக்க முடிவு செய்தவை: அந்த மூன்று கம்பிகள், நான்கு நிலை கொண்ட ஃபிளாப் விசை, விமானத்தின் மூக்கை வேண்டிய நிலையில் நிற்க வைக்கும் ஒரு ட்ரிம் சக்கரம், விளக்குகளுக்கும் மொத்த மின்சாரத்துக்கான மாஸ்டருக்கும் ஐந்து டாகிள் சுவிட்சுகள்.

ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை

மின்னணு உதிரிகள் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். பெட்டிக்கு மூளையாக நான் எடுத்தது ப்ரோ மைக்ரோ போர்டு, நாமே நிரல் எழுதி ஏற்றக்கூடிய ஆர்டுயினோ வகைச் சின்னப் பலகை. அதில் இருப்பது ஏடிமெகா32யு4 சில்லு. யு.எஸ்.பி. அதற்குள்ளேயே இருப்பதால் கணினி அதை நேரடியாக ஒரு ஜாய்ஸ்டிக்காகவே பார்க்கும். தனி டிரைவர் மென்பொருள் எதுவும் போட வேண்டாம். எல்லோர் வீட்டிலும் கிடக்கும் பழைய ஊனோ போர்டு இந்த வேலைக்கு ஆகாது, அதன் முக்கியச் சில்லுக்கு யு.எஸ்.பி. கிடையாது. ப்ரோ மைக்ரோவில் ஒன்பது அனலாக் உள்ளீடுகள் உண்டு. எனக்குத் தேவை நான்கு.

கம்பிகளின் நகர்வை அளக்க 60 மில்லிமீட்டர் ஓட்டமுள்ள ஸ்லைடு பாட் (நேராக நகரும் பொட்டென்ஷியோமீட்டர்) வாங்கினேன், 10 கிலோ ஓம், நான்கு எண்ணம். ஆடியோ மிக்ஸர்களில் வரிசையாக ஏற்றி இறக்குவார்களே, அதேதான். வீட்டுக்கு வந்து ஒன்றை போர்டில் இணைத்துப் பார்த்தால் பாதி தூரம் தள்ளியும் அளவு 130-ஐத் தாண்டவில்லை. மொத்தம் 1023 வரை போக வேண்டும். கடைசி 20 மில்லிமீட்டருக்குள் மீதி எல்லாம் ஏறிவிடுகிறது. நிரலில்தான் தப்பு என்று நினைத்து ஒரு மணி நேரம் அதையே மேய்ந்தேன். பிறகுதான் பாட்டின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன்: ஏ10கே.

ஏ என்றால் ஆடியோ வகை, பி என்றால் நேர்கோட்டு வகை. நம் காது ஒலியின் ஏற்றத்தை உணரும் விதத்துக்குப் பொருந்தும்படி ஆடியோ பாட்டின் தடத்தை வளைத்துச் செய்கிறார்கள். வால்யூமுக்கு அதுதான் சரி. த்ராட்டிலுக்கு வேண்டியது பி10கே. எழுத்தை நம்பாமல் மல்டிமீட்டரையும் வைத்துப் பார்ப்பது நல்லது: ஸ்லைடரை நட்டநடுவில் நிறுத்தி, நடு முனைக்கும் ஓர் ஓரத்துக்கும் இடையே அளந்தால் நேர்கோட்டு வகை ஏறக்குறைய 5 கிலோ ஓம் காட்டும். ஆடியோ வகையாக இருந்தால் ஒரு பக்கம் ஒன்று, ஒன்றரை கிலோ ஓம்தான் வரும். அடுத்த சனிக்கிழமை மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கடையிலேயே ஒவ்வொன்றாக அளந்து மூன்று வாங்கிவந்தேன். பழைய நாலில் ஒன்றுக்கு வேறு வேலை பின்னால் கிடைத்தது, அதையும் சொல்கிறேன்.

போர்டு விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. ப்ரோ மைக்ரோ இரண்டு விதமாக வருகிறது: 5 வோல்ட் 16 மெகாஹெர்ட்ஸ், 3.3 வோல்ட் 8 மெகாஹெர்ட்ஸ். ஆர்டுயினோ மென்பொருளில் விதத்தை மாற்றித் தேர்ந்தெடுத்து நிரலை ஏற்றினால், சில்லின் கடிகாரக் கணக்கு தப்பிப்போய் யு.எஸ்.பி. பேசுவதே நின்றுவிடும். எனக்கு அதுவும் நடந்தது. கணினியில் போர்டு தெரியவே இல்லை, செத்துவிட்டது என்றே நினைத்தேன். சாகவில்லை. ரீசெட் முனையையும் கிரவுண்டையும் ஒரு சின்னக் கம்பியால் சட்டென்று இரண்டு முறை தொட்டால், புது நிரலை வாங்கிக்கொள்ளும் பூட்லோடர் சுமார் எட்டு நொடி விழித்திருக்கும். அந்த எட்டு நொடிக்குள் சரியான விதத்தைத் தேர்ந்தெடுத்து நிரலை மறுபடி ஏற்றிவிட வேண்டும். மூன்றாவது முயற்சியில் பிடித்துவிட்டேன்.

கம்பியும் புஷ்ஷும்

மின்னணு வேலை எல்லாம் சேர்த்து நான்கைந்து மாலைகள்தான். கம்பி கைக்குச் சரியாக வர நான்கு மாதம் பிடித்தது. இப்படி ஒன்றைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதைத்தான். ஒரு கன்ட்ரோலரின் தரம் அதன் சில்லில் இல்லை. இழுக்கும்போது எங்கும் தட்டாமல், விட்ட இடத்தில் அப்படியே நிற்கும் கம்பியில் இருக்கிறது.

முதல் முயற்சியில் ஸ்லைடரின் நாக்கிலேயே கைப்பிடியை ஒட்டிவிட்டேன். ஒரே நாளில் தெரிந்துவிட்டது, ஆகாது. ஸ்லைடு பாட்டின் நாக்கு மெல்லிய தகடு. கையின் எடை பக்கவாட்டில் விழுந்தால் அது சாய்ந்து தடத்தைச் சுரண்டும். கையின் சுமையைக் கம்பியும், அது நுழைந்து ஓடும் வளையமான புஷ்ஷும் தாங்க வேண்டும். பாட் பேசாமல் கூடவே நகர்ந்து அளவு மட்டும் சொல்ல வேண்டும்.

8 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வாங்கி மூன்றாக வெட்டினேன். ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு புஷ், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இடையே 90 மில்லிமீட்டர். இந்த இடைவெளி முக்கியம். இரண்டு புஷ்ஷும் நெருங்கி இருந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியைக் கொஞ்சம் சாய்த்து இழுத்தாலும் கம்பி கோணிக்கொண்டு பிடிக்கும். சரியாக மாட்டாத மேசை டிராயர் ஒரு பக்கமாக இழுத்தால் சிக்கிக்கொள்வது போலத்தான்.

புஷ்ஷுக்காக அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறைக்குப் போனேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும் அந்த அண்ணனுக்கு. கம்பியை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "எந்த மெஷினுக்குத் தம்பி?" என்றார்.

"மெஷின் இல்லண்ணே. கம்ப்யூட்டர்ல பிளேன் ஓட்டறதுக்கு."

சிரிக்கவில்லை அவர். "ஆயில் போடுவியா, டிரையா ஓடணுமா?" என்றுதான் அடுத்த கேள்வி கேட்டார். டிரை என்றேன். அப்படியென்றால் நைலான் போதும் என்று ஆறு புஷ் கடைந்து கொடுத்தார். கம்பி சறுக்கிக்கொண்டு போனது. அன்று ராத்திரி பெட்டியை மூடிவிட்டேன். 12 மில்லிமீட்டர் பிளைவுட் உடம்பு, முன்னால் 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு.

கம்பியையும் பாட்டையும் சேர்க்க, கம்பியில் ஒரு சின்ன அலுமினியக் கவை பொருத்தினேன். ஸ்லைடரின் நாக்கு அந்தக் கவைக்குள் நிற்கும். மேலும் கீழும் கொஞ்சம் விளையாட இடம் உண்டு, அதனால் கம்பி அரை மில்லிமீட்டர் தள்ளி ஓடினாலும் நாக்கின் மேல் சுமை ஏறாது. ஆனால் முன்பின்னாகவும் அதே ஆட்டம் இருந்தது. த்ராட்டிலைத் திசை மாற்றும்போது முதல் அரை மில்லிமீட்டருக்கு எஞ்சினில் எந்த மாற்றமும் வராது. 60-இல் அரை என்பது கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். இறங்கும்போது இருபது ஆர்.பி.எம். கூட்டிக் குறைக்கும் இடத்தில் அது பெரிய எரிச்சல். நாக்கின் மேல் சைக்கிள் வால்வ் டியூப் ஒரு துண்டு மாட்டிக் கவைக்குள் திணித்தேன். ஆட்டம் போய்விட்டது. இரண்டு ரூபாய்ப் பொருள், பெட்டியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பாகம்.

நிஜ விமானத்தில் த்ராட்டில் கம்பியைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. அதைத் திருகினால் கம்பி இறுகும், அதிர்வில் தானாக நகராது. நான் முன் புஷ்ஷின் ஒரு பக்கத்தை ரம்பத்தால் பிளந்து, குறுக்கே ஒரு எம்4 போல்ட் போட்டு, அதன் தலையைத் தகட்டுக்கு வெளியே கொண்டுவந்தேன். போல்ட்டைத் திருப்பினால் பிளவு நெருங்கும், பிடி கூடும். மூன்று கம்பிக்கும் மூன்று விதமான பிடி வைத்தேன்: த்ராட்டில் விரலுக்கு லேசாக, மிக்ஸ்சர் கொஞ்சம் கனமாக, கார்ப் ஹீட் இரண்டுக்கும் நடுவே.

கார்ப் ஹீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை வெயிலில் உட்கார்ந்துகொண்டு, பனிக்கட்டி பிடிக்காமல் காக்கும் கம்பி எதற்கு என்று நானே ஆரம்பத்தில் நினைத்தேன். கார்பரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரிவதாலும் எரிபொருள் ஆவியாவதாலும் வெப்பம் சட்டென்று இறங்குகிறது. காற்றில் ஈரம் இருந்தால் வெளியே 38 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் உள்ளே பனி படியலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விமானிகளுக்கான கையேடு சொல்கிறது. த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது ஆபத்து அதிகம். அதனால்தான் 172பி-யில் இறங்குவதற்கு முன் அந்தக் கம்பியை இழுக்கிறார்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது வேண்டிய கம்பிதான் என்று புரிந்த பிறகு, அதற்கும் மற்ற இரண்டைப் போலவே பொறுமையாகப் புஷ் பொருத்தினேன்.

கைப்பிடிகள்

இரண்டாம் உலகப் போரின்போது பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரு விதமான விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. விமானம் பத்திரமாகத் தரையைத் தொட்டுவிடும். அதன் பிறகு விமானி ஃபிளாப்பை ஏற்றுவதாக நினைத்துக்கொண்டு சக்கரத்தை மடக்கிவிடுவார். அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சபானிஸ் இதை ஆராய்ந்தார். விமானி அறையில் அந்த இரண்டு விசைகளும் பக்கத்துப் பக்கத்தில், பார்வைக்கும் தொடுகைக்கும் ஒன்றுபோலவே இருந்தன. அவர் செய்த தீர்வு எளிமையானது: சக்கர விசையின் முனையில் ஒரு சின்ன ரப்பர் சக்கரம், ஃபிளாப் விசையின் முனையில் ஆப்பு வடிவத் துண்டு. தொட்டாலே தெரிந்துவிடும். பெரிய பயணிகள் விமானங்களுக்கான அமெரிக்க விதிகள் இன்றும் இந்த வடிவங்களைக் கேட்கின்றன.

இதைப் படித்த பிறகு, ஒரே மாதிரியான மூன்று பிளாஸ்டிக் குமிழ்களை வாங்கி மாட்ட மனம் வரவில்லை. எம்-சீலைப் பிசைந்து கையாலேயே உருட்டினேன். த்ராட்டிலுக்கு உள்ளங்கையில் அடங்கும் வழவழப்பான உருண்டை, கறுப்பு. மிக்ஸ்சருக்குத் தட்டையான வட்டம், விளிம்பெல்லாம் வெட்டு வெட்டாக, சிவப்பு. நிஜத்திலும் மிக்ஸ்சர் சிவப்புதான். கார்ப் ஹீட்டுக்குச் சின்னச் சதுரம். ஃபிளாப் விசைக்கு மட்டும் ஒரு தேக்குத் துண்டை இறக்கையின் குறுக்குவெட்டு போல உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். முன்பக்கம் தடிப்பு, பின்பக்கம் கூர். அதற்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

ஃபிளாப் விசையைக் கட்டும்போதுதான் தப்பாக வாங்கிய ஆடியோ பாட்டுக்கு வேலை கிடைத்தது. 172பி-யில் ஃபிளாப்புக்கு நான்கே நிலைகள்: 0, 10, 20, 30 டிகிரி. தகட்டில் செங்குத்தாக ஒரு பிளவு வெட்டி, 10-லும் 20-லும் படிக்கட்டு போல ஒரு குறுக்கு வெட்டு வைத்தால், விசையைக் கொஞ்சம் வலது பக்கம் நகர்த்தினால்தான் அடுத்த நிலைக்குப் போகும். நான்கு இடத்தில் மட்டும் நிற்கும் விசைக்கு நேர்கோடு தேவையில்லை. ஆடியோ பாட்டில் அந்த நான்கு இடங்களும் எனக்குத் தந்த எண்கள் 3, 84, 402, 1020. இடையே 40, 240, 700 என்று எல்லை போட்டு, ஒவ்வொரு நிலையையும் ஒரு பட்டனாகக் கணினிக்கு அனுப்பினேன். விசை ஒரு நிலையில் இருக்கும்போதே மென்பொருளைத் திறந்தால், பட்டன் ஏற்கெனவே அழுத்தியபடி இருப்பதால் ஃபிளைட்கியர் அதைக் கவனிக்காது. ஒரு முறை விசையை இறக்கி ஏற்றினால் போதும். கிளம்புவதற்கு முன் ஃபிளாப்பை இறக்கிப் பார்ப்பது எப்படியும் சோதனைப் பட்டியலில் இருக்கிறது.

விளக்கைப் போட்டால் எஞ்சின் ஏறுகிறது

எல்லாம் இணைத்து முதன்முதலாக ஓட்டியபோது த்ராட்டில் நடுங்கியது. கம்பியைத் தொடாமலே எண் 508-க்கும் 517-க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தது. பாட்டின் நடு முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றை போர்டுக்குப் பக்கத்திலேயே வைத்ததும் 511-க்கும் 513-க்கும் சுருங்கியது. மிச்சத்தை நிரலில் பார்த்துக்கொண்டேன்: புதிய அளவில் கால் பங்கு, பழைய அளவில் முக்கால் பங்கு என்று கலந்து, மாற்றம் மூன்றைத் தாண்டினால் மட்டும் அனுப்புவது. அதிகமாகச் சராசரி எடுத்தால் கைக்குப் பின்னால் எஞ்சின் தாமதமாக வரும். அது நடுக்கத்தைவிட மோசம்.

அடுத்த கோளாறுக்கு நான் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. 1500 ஆர்.பி.எம்.-இல் இறங்கிக்கொண்டிருக்கும்போது லேண்டிங் லைட் சுவிட்சைப் போட்டால் எஞ்சின் கொஞ்சம் ஏறியது. அணைத்தால் இறங்கியது. விளக்கு சுவிட்சுக்கும் த்ராட்டிலுக்கும் நிரலில் ஒரு தொடர்பும் இல்லை. ஃபிளைட்கியரையே மூடிவிட்டு, லினக்ஸில் ஜாய்ஸ்டிக்கைச் சோதிக்கும் ஜேஎஸ்டெஸ்ட்டைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் அதே ஆட்டம். ஐந்து சுவிட்சையும் போட்டால் ஏற்றம் கூடியது. அப்படியென்றால் கோளாறு பெட்டிக்குள்தான்.

ஒவ்வொரு டாகிளுக்கும் பக்கத்தில் ஒரு எல்.இ.டி. வைத்திருந்தேன், சுவிட்சைப் போட்டால் அதுவும் எரியும். ஒவ்வொன்றும் சுமார் 12 மில்லியாம்பியர் இழுக்கும், ஐந்தும் சேர்ந்தால் 60. கிரவுண்டு வயரை மாலை கோப்பது போல எல்.இ.டி.களிலிருந்து பாட்டுக்கும், பாட்டிலிருந்து போர்டுக்குமாக ஒரே வயராக இழுத்திருந்தேன். கடைசி இணைப்பில் சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை, டிரை சால்டர். மல்டிமீட்டரில் அந்த ஓரிடத்தில் மட்டும் 2 ஓம். 60 மில்லியாம்பியர் 2 ஓம் வழியாகப் போனால் 120 மில்லிவோல்ட். போர்டு 5 வோல்ட்டை 1024 படியாகப் பார்க்கிறது, ஒரு படி ஏறக்குறைய 5 மில்லிவோல்ட். ஆக, விளக்கு எரியும்போதெல்லாம் பாட்டின் கிரவுண்டு 24, 25 படி மேலே ஏறி நின்றது. எஞ்சின் ஏறாமல் என்ன செய்யும்?

கணக்குப் போட்டுப் பார்த்த எண்ணும் திரையில் ஆடிய எண்ணும் ஒத்துப்போனபோது வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. இணைப்பை உருக்கி மறுபடி சால்டர் வைத்தேன். அதோடு நிற்காமல், எல்.இ.டி.களுக்குத் தனி கிரவுண்டு, பாட்களுக்குத் தனி கிரவுண்டு என்று பிரித்து, இரண்டையும் போர்டின் முனையில் மட்டும் சேர்த்தேன். இன்று ஐந்து விளக்கையும் போட்டு அணைத்தாலும் எண் அசைவதில்லை.

ட்ரிம் சக்கரத்துக்கு இசி11 என்கோடர், எந்தப் பக்கம் எவ்வளவு சுழன்றது என்று சொல்லும் உதிரி. ஒரு சுற்றுக்கு இருபது சொடுக்கு. நிஜச் சக்கரத்தில் சொடுக்கு கிடையாது, அதனால் என்கோடரைப் பிரித்து, சொடுக்கு தரும் மெல்லிய ஸ்பிரிங் தகட்டை எடுத்துவிட்டு மூடினேன். 90 மில்லிமீட்டர் மரச் சக்கரம், பாதி தகட்டுக்கு வெளியே. முன்னோக்கி உருட்டினால் மூக்கு இறங்கும், தன் பக்கம் உருட்டினால் ஏறும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு பட்டன் அழுத்தத்தை அனுப்புகிறேன். அது 5 மில்லிநொடிதான் நீடித்தால் மென்பொருள் தவறவிடுகிறது. திரை நொடிக்கு 30 முறை புதுப்பிக்கும்போது ஒரு முறைக்கே 33 மில்லிநொடி ஆகிறதே. 40 மில்லிநொடியாக வைத்தேன். அப்புறம் எதிர்ச் சிக்கல்: வேகமாகச் சுழற்றினால் அனுப்ப வேண்டியவை வரிசையில் குவிந்து, கை நின்ற பிறகும் ட்ரிம் ஓடிக்கொண்டே இருந்தது. வரிசையில் ஆறுக்கு மேல் சேரவிடாமல் தடுத்து, ஃபிளைட்கியர் பக்கம் ஒவ்வொரு அழுத்தத்தின் அளவையும் கூட்டினேன். பத்துச் சுற்று பாட் வைத்து ட்ரிம்மை ஓர் அச்சாகவே (த்ராட்டில் போலத் தொடர்ச்சியான அளவாக) அனுப்பலாம் என்று சிலர் செய்கிறார்கள். ஆட்டோபைலட் தானாக ட்ரிம்மை மாற்றிவிட்டால் சக்கரம் ஓரிடத்திலும் விமானம் வேறிடத்திலும் இருக்கும். எனக்கு என்கோடர்தான் சரியாகப் பட்டது.

ஃபிளைட்கியரில் இணைப்பது ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் முடிந்துவிடுகிறது. அச்சு எப்போதும் -1 முதல் +1 வரை வரும். த்ராட்டிலுக்கு வேண்டியது 0 முதல் 1. அச்சின் மதிப்போடு -1-ஐக் கூட்டி -0.5-ஆல் பெருக்கச் சொன்னால், -1 முழு வேகமாகவும் +1 ஐடிலாகவும் ஆகிவிடும். என் பெட்டியில் தள்ளும்போது எண் கூடுகிறது, ஆகவே +1-ஐக் கூட்டி 0.5-ஆல் பெருக்கினேன். கம்பியின் இரண்டு கோடியிலும் கிடைத்த எண்கள் 31, 988. அவற்றையே எல்லையாக வைக்காமல் 40, 980 என்று கொஞ்சம் உள்ளே இழுத்து வைத்தேன். முழுக்கத் தள்ளினால் முழு வேகமும், முழுக்க இழுத்தால் எஞ்சின் நிற்பதும் ஒவ்வொரு முறையும் நடந்தே ஆக வேண்டும்.

முதல் முறை மிக்ஸ்சரை இழுத்தபோது பெட்டியே என் பக்கம் வந்துவிட்டது. இப்போது இரண்டு ஜி கிளாம்ப் போட்டு மேசை விளிம்பில் இறுக்கியிருக்கிறேன்.

ஐப்பசி மழை

செப்டம்பரில் முடித்தேன். தினமும் ராத்திரி ஒரு சுற்று: 07-இல் கிளம்பி, கடல் பக்கம் திரும்பி, வட்டமிட்டு வந்து இறங்குவது. 110 நாட்டுக்குக் கீழே முதல் ஃபிளாப், 85-க்குக் கீழே அடுத்தவை. கண்ணை ஓடுபாதையிலிருந்து எடுக்காமலே கை சதுரக் கைப்பிடியைத் தேடி இழுக்கிறது, உருண்டைக்கு நகர்கிறது, இறக்கை வடிவத்தைத் தொடுகிறது. எட்டு வருடத்தில் முதன்முறையாக நான் திரையின் கீழ்ப்பாதியைப் பார்க்காமல் இறங்கினேன்.

வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்து இரண்டு வாரத்தில் மூன்று கம்பியும் இறுகிவிட்டன. போல்ட்டைத் தளர்த்தினாலும் அசையவில்லை. மிக்ஸ்சரை இழுக்க இரண்டு கை வேண்டியிருந்தது. துரு என்று நினைத்துக் கழற்றிப் பார்த்தேன், கம்பி பளபளவென்றுதான் இருந்தது. புஷ்ஷை ஒரு நாள் அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்து எடுத்தால் கொஞ்சம் தளர்ந்தது. நைலான் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி உப்பும். கோடையில் சரியாகக் கடைந்த துளை, மழையில் நெருங்கிவிட்டது.

பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு அம்பத்தூருக்குப் போனேன், மடிக்கணினியோடு. அண்ணன் புஷ்ஷைக் கையில் வாங்கியதும், "மழைக்கு ஊதிடுச்சா? ஆயில் இல்லாம இவ்வளவு டைட்டா ஓடும்னு நான் நினைக்கல. டெல்ரின்ல பண்ணியிருக்கணும்" என்று தானாகவே சொன்னார். டெல்ரின் ஈரத்தை மிகக் குறைவாகத்தான் இழுக்கும். வெள்ளைத் தண்டு ஒன்றை எடுத்து ஆறு புஷ்ஷையும் புதிதாகக் கடைந்தார். பட்டறை ஸ்டூலின் மேலேயே பெட்டியை வைத்து மாட்டினேன். ஃபிளைட்கியரைத் திறந்து, விமானம் ஓடுபாதையில் நிற்கும்படி வைத்து, "தள்ளுங்கண்ணே" என்றேன்.

கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு த்ராட்டில் உருண்டையைப் பிடித்தார். மெதுவாகத் தள்ளினார். எஞ்சின் சத்தம் ஏறியது, விமானம் நகர ஆரம்பித்தது. அவர் திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கம்பியை இரண்டு முறை உள்ளே வெளியே ஓட்டினார். மூன்றாவது முறை பாதியில் நிறுத்தினார்.

"பின் புஷ்ல கொஞ்சம் பிடிக்குது தம்பி. கழட்டு."

கழற்றிக் கொடுத்தேன். லேத்தில் மாட்டி, ஒரு மயிரிழை எடுத்துத் திரும்பக் கொடுத்தார்.